கொட்டகையில் ஒரு பந்தயக் குதிரை

பழைய டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியை வாங்கிப் பழுது பார்க்கிறவருக்கு வேகத்தில் பைத்தியம் என்று ஊர் நினைக்கிறது. ஊர் நினைப்பது தப்பு. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், இடுக்கி மலையின் மறையூர், குமுளிப் பக்கத்திலும் வாழும் இந்த இனத்தைக் கவனித்துப் பார்த்தால், இவரைவிட நிதானமான பிறவி வேறொன்று கிடையாது என்பது விளங்கும். அவசரக்காரர் தவணை கட்டிப் புது வண்டி எடுத்து அன்று மாலையே ஓட்டிப் போய்விடுகிறார். இவரோ ஆர்.எக்ஸ். நூறின் ஒற்றைப் பக்கமூடிக்காக எட்டு மாதம் புதுப்பேட்டை, உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளுக்கு ஆள் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பால் வாங்கப் போவது மனைவியின் ஸ்கூட்டரில். வேகமாக ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு எந்திரத்தை அசையாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே இவர் கண்ட சுகம் என்பது என் கட்சி.

வாங்கும் முறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350ஐ 1983இலும், யமஹா ஆர்.எக்ஸ். நூறை 1985இலும் இறக்கியது. பிந்தையது 1996இல் நின்றுபோனது. மைசூரில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையும் அதே 1996இல்தான் மூடப்பட்டது. ஆகவே இவர் தேடுவதெல்லாம் இறந்தவர்களின் சொத்து. பொள்ளாச்சி, உடுமலை, போடி என்று எல்லை தாண்டிப் போய், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்தி நிற்கும் வண்டியைக் கண்டுபிடிப்பார். ஆர்.எக்ஸ். முதன்முதலில் வந்தபோது ஜப்பான் பாகங்களை இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். இன்று விற்பனைக்கு வரும் ஆர்.எக்ஸ். ஒவ்வொன்றும் அந்த முதல் தொகுதியைச் சேர்ந்தது என்றே விற்பவர் சொல்வார், இவரும் நம்புவார். பிறகு தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் என்.ஓ.சி., கேரளத்தில் மறுபதிவு, வரி. காகிதம் வந்து சேர்வதற்குள் டயர் இன்னொரு தரம் காற்று இறங்கியிருக்கும். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசை கொண்டுவந்தபோது இவர் துள்ளினார். விதியைப் படித்ததும் அடங்கினார். வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். இவருடைய ஆர்.எக்ஸ். அந்தக் கௌரவம் பெற 2035 வரை பொறுக்க வேண்டும். பொறுப்பார்.

சரி, பழுது பார்த்து முடித்தபின் ஓட்டத்தானே செய்வார் என்று கேட்கலாம். அங்கேதான் புவியியல் இவருக்கு உதவிக்கு வருகிறது. பாலக்காட்டுச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் அளவில் கிடக்கிறது. மூணாறு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும், கார்பரேட்டரோ கீழே கொடுத்த பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக் கருத்து, வண்டி இருமும். அதற்காகப் பெட்ரோலைக் குறைத்துவிடும் சின்ன ஜெட் மாட்டி மலையில் ஓட்டிவிட்டு, மாற்ற மறந்து சமவெளியில் முறுக்கினால் கலவை வறண்டு, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மறுபடி ரீபோர், மறுபடி லேத்துப் பட்டறை. ஜாவாவைப் போல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியென்றால் இறக்கமும் ஆபத்து. போடிமெட்டு வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடியபடியே இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகும். ஆகவே ஏறவும் யோசனை, இறங்கவும் யோசனை. ஒரு டப்பா நிறைய ஜெட்டுகளை வைத்துக்கொண்டு, எந்த உயரத்துக்கு எது என்று ஞாயிற்றுக்கிழமை முழுதும் விவாதித்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள்.

சைலன்சர் விஷயத்தில் இவர் அறிஞர். டூ ஸ்ட்ரோக்கின் உயிர் புகைக்குழலின் வயிற்றில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும் அழுத்த அலைதான், வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் இதைக் கரைகண்டிருந்தார். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி, ரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்து, மறு வருடமே 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். மாநில எல்லையின் வாளையார் சோதனைச் சாவடியைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சோழவரம் விமான ஓடுபாதைப் பந்தயங்களையும் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார், அவை நடந்த காலத்தில் தாம் பிறக்கவேயில்லை என்ற சிறு குறையோடு. பழைய நினைவின் ஏக்கம் என்று இதை விளக்குகிறவர்களுக்கு இந்தக் குறையே பதில். இல்லாத நினைவுக்கு ஏங்க முடியாது.

முதலீடு என்கிறார்கள் சிலர், முக்கியமாக இவரே, முக்கியமாக மனைவியிடம். விலை ஏறியிருப்பது வாஸ்தவம். ஆனால் விற்கிறவன்தானே முதலீட்டாளன்? "கொடுக்கிறீங்களா அண்ணே?" என்று யாராவது கேட்டால் சொந்தப் பெண்ணைக் கேட்டதுபோல முகம் மாறுகிறது. ஒரு வண்டிக்கு உதிரி பாகம் வேண்டுமென்று இன்னொரு வண்டி வாங்கி, அது 'பரவாயில்லாமல்' இருப்பதால் அதையும் பழுது பார்க்க மூன்றாவது வாங்குவதை எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலீட்டுப் பத்தியில் எழுதமாட்டார்.

மாசு என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் ஒரு பங்கு நேரே வெளியேறுகிறது, ஆயிலும் சேர்ந்து எரிகிறது. இந்த வண்டிகளைச் சாலையிலிருந்து விரட்டியவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள்தான், அதில் தவறில்லை. இவர் தரப்பில் சொல்ல ஒன்றுதான் உண்டு: நிற்கிற வண்டி புகைவிடாது. அதிலும் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. ஞாயிறு காலையில் சத்தம் கேட்பதற்காக மட்டும் இரண்டு உதை உதைப்பார். நீலப் புகை மதில் தாண்டும். பக்கத்து வீட்டம்மா கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார். இந்த வண்டியால் இன்றுவரை வேகமாகப் போனவர் அவர் ஒருவர்தான்.