கமுந்திங் பல்கலைக்கழகம்

பெயர்ப்பலகை இல்லாமலே நாடெங்கும் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகம் எங்கள் கமுந்திங்கில் இருந்தது. அரசாங்கப் பதிவேட்டில் அதற்குத் தைப்பிங் பாதுகாப்புத் தடுப்பு முகாம் என்று பெயர். உள்ளே போய் வந்தவர்கள்தான் கிண்டலாகப் பல்கலைக்கழகம் என்றார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று வாய்திறந்து கேட்டவர்களுக்கு அங்கே இடம் உறுதி.

சேர்வது சுலபம். விண்ணப்பம் வேண்டாம், அவர்களே வீட்டுக்கு வந்து அழைத்துப்போவார்கள். இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் 60 நாள் போலீஸ் காவலில் அறிமுக வகுப்பு. பிறகு உள்துறை அமைச்சரின் ஒரே கையெழுத்தில் இரண்டு வருடப் படிப்பு. தேறினாயா இல்லையா என்று அமைச்சரே பார்ப்பார். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருடம், அப்புறம் இன்னும் இரண்டு. குற்றப்பத்திரிகை, சாட்சி, வழக்கு விசாரணை போன்ற வெட்டிச் செலவெல்லாம் கிடையாது.

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அள்ளினார்களே, அதில் வி. டேவிட்டும் ஒருவர். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளரும் அவரே. நாட்டின் தொழிலாளர்களுக்காக மேசையின் ஒரு பக்கம் உட்கார வேண்டிய மனிதருக்கு அரசாங்கம் கமுந்திங்கில் கட்டில் போட்டுக் கொடுத்தது. அதற்கு முன்பு, 1979இல், மலேசிய விமான நிறுவனத் தகராறு முற்றியபோதும் சங்கக்காரர்கள்மேல் பாய்ந்தது இதே இசாதான். விமானம் தாமதமானால் தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து வந்துவிடும். விமானத்தைப் பறக்கவைக்கிறவன் வீட்டில் அடுப்பு தாமதமானால் எந்த ஆபத்தும் இல்லை.

இந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவன் வெள்ளைக்காரன். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை எடு. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக உரிமை கேட்ட மகாபாவிகள்! பதிலுக்குப் படை வந்தது, ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த பாடம் 1948 ஜூன். நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அதற்குச் சில நாள் முன்னதாகவே சட்டத்தைத் திருத்தி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை மூடிவிட்ட கதையைச் சொல்லித்தருவதில்லை. சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். சங்கம் வைத்தவனுக்குத் தூக்குக்கயிறு, சொன்னபடி கேட்கும் சங்கத்துக்குப் பதிவுச் சான்றிதழ்: வெள்ளைக்காரன் விட்டுப்போன பாடநூல் இதுதான்.

மெர்டேக்கா வந்தது. பாடநூலைக் கிழிப்பார்கள் என்று பார்த்தால் அட்டை போட்டு வைத்துக்கொண்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே வரம் கொடுத்த சாமியே, பூசாரியைக் கேட்டுக்கொள் என்று கல்வெட்டில் பொறித்துவிட்டது. அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு சங்கம் அமைக்க உரிமை தருகிறது. அதே பிரிவின் மூன்றாம் பத்தி, தொழிலாளர் சட்டத்தின் மூலம் அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது.

பூசாரி 1967இல் வந்தார், தொழில் உறவுச் சட்டம் என்ற பெயரில். அதன் 13(3)ஆம் பிரிவைத் தொழிலாளர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கூட்டு ஒப்பந்தத்துக்கான கோரிக்கையில் சங்கம் எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்று அதில் வரிசை போட்டிருக்கிறது: பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, ஆள் குறைப்பது, வேலைநீக்கமும் மறுபடி சேர்ப்பதும், யாருக்கு என்ன வேலை என்பது. மிச்சத்தைத் தாராளமாகப் பேசலாம். 2021இல் ஒரு சலுகையும் வந்தது. இவற்றில் பலவற்றைப் பற்றிப் ‘பொதுவாக’ இனிமேல் பேசிக்கொள்ளலாமாம். அதாவது, வேலைநீக்கம் என்பது பொதுவாக வருத்தமானது என்று சங்கம் சொல்லலாம். முதலாளியும் பொதுவாகத் தலையாட்டுவார்.

இதன் அழகு கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் ஒருவர் ரெஸ்ட் நேரத்தில் சங்கத்துக்குக் கையெழுத்து வாங்குகிறார் என்று வையுங்கள். மறுவாரம் கடிதம் வரும்: தங்கள் திறமையை மெச்சி ஜொகூர் கிளைக்கு மாற்றுகிறோம். பழிவாங்கலா? சேச்சே, வெறும் இடமாற்றம், நிர்வாகத்தின் உரிமை. அவர் போன பிறகு அந்தத் தாளில் மிஞ்சியவர்கள் அந்நியத் தொழிலாளர்கள். அவர்களுடைய பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெர்மிட் போச்சு, பெர்மிட் போனால் விமானம்தான். ரகசிய வாக்கெடுப்பு நடத்திச் சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்குவதற்குள், கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் காட்மாண்டுவில் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். சரி, வேலைநிறுத்தம்? அமைச்சர் தகராறைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதோடு வேலைநிறுத்தம் சட்டவிரோதம். சில வகைத் தகராறுகளை நீங்கள் கேட்காமலே அவரே அனுப்பலாம். அவ்வளவு அக்கறை.

தோட்டத்துக்கு வருவோம். தீபகற்பத்திலேயே அதிகம் மழை கொட்டும் ஊர் தைப்பிங் என்று சுற்றுலாக்காரர்களிடம் பெருமையடிக்கிறோம். அந்த மழைக்குச் செலவு கொடுத்தவன் பால்மரம் வெட்டியவன். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்பான், வானம் பொத்துக்கொள்ளும், பட்டை நனையும், வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் நாட்கூலி இல்லை. முதலாளியின் மரம், கடவுளின் மழை, தொழிலாளியின் நஷ்டம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மாதச் சம்பளம் கொடு என்று அது தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாப்பா யோசித்துக்கொண்டே இருந்தது. கேட்டவர் தலைமுடியும் யோசித்தவர் தலைமுடியும் நரைத்தன. குறைந்தபட்சச் சம்பளம் என்று தீபகற்பத்துக்கு 900 வெள்ளி வந்தது 2013இல். அதற்குள் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, செம்பனையை வெட்டித் தாமான் கட்டி, லயத்தில் இருந்தவனை ரோட்டுக்கு அனுப்பியாயிற்று. ரோட்டுக்கு வந்தவனுக்காகக் குரல் கொடுத்த இண்ட்ராஃப் இயக்கத் தலைவர்கள் ஐவரை 2007 டிசம்பரில் எங்கே வைத்தார்கள்? வேறெங்கே, நம்ம கமுந்திங்தான்.

சங்கத் தலைவர்களையும் மெச்ச வேண்டும். மாதம் தவறாமல் சந்தா பிடித்து, மே தினத்துக்கு ஹோட்டலில் விருந்து வைத்து, அமைச்சருக்கு மாலை போட்டுச் சிலர் டத்தோவும் ஆனார்கள். இன்றைக்கு நூறு தொழிலாளிகளில் ஆறு பேர்கூடச் சங்கத்தில் தேறுவது சந்தேகம். கணபதியின் கழுத்துக்கு விழுந்தது கயிறு, இவர்கள் கழுத்துக்கு விழுந்தது பதக்கம்.

2012இல் இசாவை ரத்து செய்தார்கள். கைதட்டினோம். ஏன் ரத்தானது என்று தொழிலாளி யோசிக்க வேண்டும். முதலாளியை எதிர்த்துப் பேசுகிறவனை அடைக்க முள்வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்து, மூன்று வேளை சோறும் போடுவது எவ்வளவு செலவு! 13(3) எல்லாவற்றையும் இலவசமாகச் செய்கிறது. கைதியே பஸ் ஏறி வேலைக்கு வந்துவிடுகிறான், சோற்றையும் அவனே கட்டிக்கொண்டு வருகிறான்.

1948இல் பூட்டிய ஒரு பூட்டை, ஒரே தொழில்காரர்கள்தான் ஒன்றுசேரலாம் என்ற விதியை, 2024இல்தான் திறந்தார்கள், 76 வருடம் கழித்து. அந்தக் கணக்கில் 1967இன் தொழில் உறவுச் சட்டத்துக்கு 2043 வரை ஆயுள் இருக்கிறது. அதுவரை அமைச்சர்கள் மேடைதோறும் தொழில் நல்லிணக்கம் பேசுவார்கள். பேசட்டும். இனி எந்த அமைச்சராவது மே தினத்தன்று பூமாலைக்குத் தலை நீட்டினால், அந்த 13(3)ஐ எடுத்து முகத்துக்கு நேரே படித்துக் காட்டுங்கள்: ஐயா, இதை எப்போது அடிக்கிறீர்கள்? தேதி சொல்லுங்கள், மாலை போடுகிறோம். தேதி இல்லையென்றால் மாலையும் இல்லை, விருந்தும் இல்லை.