பீச்சாங்கைக் கத்தி

1979-இல் காவாந்தண்டலத்தில் கத்தி வேண்டுமென்றால் கடைக்குப் போக மாட்டோம், ஆசாரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவோம். சொன்னதும் கிடைக்காது. முதல் நாள் விசாரணை, இரண்டாம் நாள் சாக்குப்போக்கு, அதற்கப்புறம்தான் உலையில் கரி விழும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கரும்புக் கொல்லைக்குத் தனியாகப் போகிற வயசு வந்துவிட்டதென்று அப்பாவே முடிவு செய்து, எனக்கென்று ஒரு கொடுவாக்கத்தி சொல்ல அழைத்துப் போனார். அதைப் பரிசு என்று யாரும் சொல்லவில்லை. பரிசு என்றால் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குத் தரும் சோப்பு டப்பா.

ஆசாரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையைத் தன் விரல்களால் அளந்தார்.

"புள்ளைக்கு சோத்தாங்கையா, பீச்சாங்கையா?"

அப்பாவுக்குக் கூச்சம். "பீச்சாங்கைதான் ஆசாரி. அடிச்சும் பார்த்தாச்சு, மாற மாட்டேங்குறான்."

"அடிச்சா கை மாறுமா? வாயை மாத்தித் தீட்டினா போச்சு."

கத்தியின் வெட்டுகிற ஓரத்தை அவர் வாய் என்பார். ஒரு பக்கம் தட்டையாக விட்டு மறுபக்கம் மட்டும் சரித்துத் தீட்டும் கத்தி, ஆளின் கை பார்த்துத்தான் வெட்டும். வலக்கைக்காரன் கத்தியை இடக்கைக்காரன் பிடித்தால் அது கட்டையை விட்டு விலகி ஓடும். அதுவரை நானும் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்பு, ஏதோ ஒரு லாரி பாரம் சுமந்து ஓய்ந்த பட்டை. துருத்தியை இழுத்தது நான்தான், கூலியில்லாமல். செக்கச்செவேலென்று பழுத்த இரும்பை அடித்து அடித்து நீட்டி, கடைசியாக வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். முழுசாக ஆறவிடாமல் வெளியே எடுத்து, செய்யாற்று மணலில் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, அப்படியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல இறங்கியது. வெள்ளையாக இருந்த வாயில் முதலில் வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது, பிறகு செம்பழுப்பு. "இப்போ!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முழுக் கத்தியையும் தண்ணீருக்குள் விட்டார். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் முள்ளில் பட்டு வாய் உதிருமாம், நீலத்துக்குப் போய்விட்டால் மடங்குமாம். கடிகாரமோ வெப்பமானியோ கிடையாது. அந்தச் செம்பழுப்பு நிற்கும் நேரம், ஒரு தும்மல் போடுகிற நேரம்.

வேல மரத்தில் பிடி, பிடிக்கு ஒரு பூண். அப்பா காசு கொடுத்ததாக நினைவில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளந்தார்கள். 1767-இலிருந்து 1774 வரை பர்னார்ட் என்கிற ஆங்கிலேய இன்ஜினியர் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தபோதும், கொல்லருக்கும் தச்சருக்கும் விளைச்சலில் போகும் பங்கு அந்தக் கணக்கில் ஏறியது. என் கத்தி அந்தக் கணக்கின் கடைசிப் பக்கத்தைச் சேர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இனி இந்தக் காலம். அண்ணன் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். சனி ஞாயிறு வந்தால் மலையேறப் போய்விடுவான். நாங்கள் மாடு ஓட்டிக்கொண்டு சும்மா நடந்ததை இவன் பணம் கட்டி நடக்கிறான். அரசாங்கமும் 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. பிறந்த நாளுக்கு என்னடா வேணும் என்றேன். "அவுட்டோர் நைஃப் சித்தப்பா. நல்லதா பார்த்து வாங்குங்க."

நல்லதாகப் பார்க்கத் தெரியாதா எனக்கு? முதலில் வாங்கியது, அலகெல்லாம் அலை அலையாக நெளிந்த ஒரு 'டமாஸ்கஸ்' கத்தி. ஊருக்குக் கொண்டுபோய் இளநீர் சீவிப் பார்த்தேன். மூன்றாவது காயில் பிடி தனி, அலகு தனி. பிடிக்குள் இருந்த இரும்பு வால், எலி வால் அளவுதான். தேய்த்துப் பார்த்தால் அலையும் போய்விட்டது. மேலே பொறித்த கோலம்.

எனக்குப் பணம் போனதைவிட அந்தப் பெயர்தான் உறுத்தியது. டமாஸ்கஸ் வாளுக்குப் போனது தென்னிந்திய உருக்கு. நம் பக்கத்திலேயே கொடுமணல், மேல்சிறுவளூர் என்று உருக்குச் செய்த இடங்களைத் தோண்டிப் படித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் அதை 'வூட்ஸ்' என்றான். 1819-இல் லண்டனில் அதை ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் பிள்ளை. நம் உருக்குக்கு வேறு ஊர் பெயர் வைத்து, அதன் போலியை நமக்கே பார்சல் அனுப்பி, டெலிவரிக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்து உத்திரமேரூர் வழிக்கு வந்தேன். பராந்தக சோழன் காலத்தில், 921-இல் அங்கே வெட்டிய குடவோலைக் கல்வெட்டில், ஊர் வாரியத்துக்கு யார் வரலாம் என்பதைப்போலவே யார் வரக்கூடாது என்பதும் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு ஓலை கிடையாது. நானும் அப்படியே தள்ளினேன். என்ன இரும்பு என்று சொல்லாத கத்தி தள்ளுபடி. வால் பிடியின் கடைசிவரை போகாதது தள்ளுபடி. முதுகில் ரம்பம், பிடியில் திசைகாட்டி, உள்ளே தூண்டில் முள் என்று வித்தை காட்டுவதெல்லாம் அடியோடு தள்ளுபடி. மடக்குக் கத்தி பென்சில் சீவ நல்லது, விறகு பிளக்க விரலைக் கேட்கும்.

மிஞ்சியது ஸ்வீடனில் மோரா என்கிற ஊர்க் கத்தி. 1891-இலிருந்து அங்கே இதே பிழைப்பு. முழு வால் உள்ள 'கார்பர்க்' வகை: அலகு 109 மில்லிமீட்டர், தடிமன் 3.2. துருப்பிடிக்காது. போலீஸுக்கும் பயமில்லை. ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் முறைத்துப் பார்க்கின்றன, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைக்க முடியாது.

அண்ணன் மகனும் பீச்சாங்கைதான், எங்கள் வம்ச வாகு. வாங்குகிற இணையப் பக்கத்தில் நிறம் கேட்டார்கள், உறை தோலா பிளாஸ்டிக்கா என்று கேட்டார்கள், எந்தக் கை என்று கேட்கவில்லை. இரு பக்கமும் சமமாகத் தீட்டியிருப்பதால் கேட்க வேண்டியதுமில்லை. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பார்சல் காவாந்தண்டலத்துக்கு வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதன்மேல் பல்லுக்கும் நகத்துக்கும் அசையாத டேப். கத்தியை வெளியே எடுக்க ஒரு கத்தி வேண்டியிருந்தது. கொட்டகையில் செருகியிருந்த என் கொடுவாக்கத்தியைத் தேடி எடுத்து அறுத்தேன்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமென்று அண்ணி குரல் கொடுத்தார். திண்ணையில் வைத்தேன். "சும்மா வாங்காதே, ஒத்த ரூபாய் குடுத்துட்டு எடு" என்றேன். பையன் சட்டைப்பையைத் தடவினான், பர்ஸைத் திறந்தான். நான்கு கார்டு இருந்தது, ஒரு ரூபாய் இல்லை. "உங்க நம்பருக்கு ஜிபே பண்றேன் சித்தப்பா." என் போன் சிணுங்கியது. எல்லாம் முறைப்படி முடிந்தது.

மலைக்கு இரண்டு முறை கொண்டுபோனான். ஒரு முறை பிஸ்கட் பாக்கெட் பிரித்தானாம், இன்னொரு முறை பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். போன மாதம் போனபோது அது அண்ணியிடம் இருந்தது.

"வெங்காயத்துக்கு ஆவல, மொத்தமா இருக்குது" என்றார். "கருணைக்கிழங்கு தோல் சீவ சொகமா இருக்குது. இன்னும் ஒண்ணு கிடைக்குமா?"