இறங்கத் தெரிஞ்சவனுக்குத்தான் மலை

வாய்யா ராசா, உக்காரு. பனி விலகட்டும், அப்புறம் போகலாம். கையில என்ன, செஸ் பலகையா? நேத்து ஆடுனது இன்னும் வயித்தைக் கலக்குதோ? கலக்கும், கலக்கும். ராணியைக் கையில வச்சுக்கிட்டு ஒண்டி ராஜாவைப் பிடிக்க முடியாம, கிழவனுக்கு டீ வாங்கிக் குடுத்தவனுக்குத் தூக்கம் வருமா?

தாண்டிக்குடிக்கு வந்து இறங்குன அன்னிக்கு என்ன பேச்சுப் பேசுன! சிசிலியன்ன, நஜ்டார்ஃப்ன. இருபது மூவ் மனப்பாடம்ன. பட்டணத்துல ஏதோ புதுசா ஓட்டல் தொறந்துருக்கான், அங்கத்திய சாப்பாட்டைச் சொல்றான்னு நான் நெனைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது ஆட்டத்தோட ஆரம்பமாம். சரிய்யா, ஆரம்பம் அமர்க்களம். முடிவு?

நேத்து என்ன நடந்துச்சுன்னு மறுபடி பாப்போமா? ஒளியாத. என் ராஜா ஏ8 மூலையில ஒண்டிக்கிட்டு நின்னான். கூட ஒரு ஈ காக்கா இல்ல. நீ சந்தோசத்துல ராணியைத் தூக்கி பி6-ல டக்குன்னு வச்ச. வச்ச வேகத்துல டம்ளரே ஆடிப்போச்சு. நான் என்ன செஞ்சேன்? கையைக் கட்டிக்கிட்டுச் சிரிச்சேன். என் ராஜாவுக்குச் செக் இல்ல. ஆனா நகரவும் ஒரு கட்டம் இல்ல. ஏ7, பி7, பி8 மூணுக்கும் உன் ராணி காவல். ஸ்டேல்மேட். டிரா. கோழியைப் பிடிக்கப் போனவன் கூண்டை வெளியில பூட்டிட்டு உள்ள உக்காந்த கதை!

ராணியை எப்படி வைக்கணும்னு கேக்குறியா? இப்பக் கேளு. எதிரி ராஜாவுக்கும் உன் ராணிக்கும் எப்பவும் ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரம் இருக்கணும். அவன் நகர்ற திசையில நீயும் நகரு. செக்கே சொல்ல வேணாம், அவனே பின்னால பின்னால போயி ஓரத்துல ஒட்டிக்குவான். ஆனா மூலைக்குப் போனதும் அந்தக் குதிரைப் பாய்ச்சலை மறந்துரு. அங்க அதுதான் கண்ணி. நீ வச்ச பி6, வைக்க நெனைச்ச சி7, ரெண்டும் அதே தூரம்தானே? ராணியை டி7-ல நிறுத்து. டீக்கடைக்கும் வீட்டுக்கும் நான் நடக்குற மாதிரி அவன் ஏ8-க்கும் பி8-க்கும் நடந்துக்கிட்டே கெடப்பான். அதுக்குள்ள உன் ராஜாவைப் பைய நடத்திக் கூட்டியா. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் மேட். இம்புட்டுத்தான் வித்தை. இதுக்கு இருபது மூவ் மனப்பாடம் எதுக்கு?

பழநிக்குப் போயிருக்கல்ல? 693 படி. ஏறுறப்ப எல்லாரும் அரோகரா போட்டுக்கிட்டு ஏறுவான். செல்ஃபி என்ன, சத்தம் என்ன! இறங்குறப்பப் பாரு. முட்டி தந்தி அடிக்கும். தண்ணிப் பாட்டிலைத் தொலைப்பான், செருப்பைத் தேடுவான், பொண்டாட்டியோட சண்டை போடுவான். இங்கேருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குற ரோட்டைக் கேளு. லாரி கவுந்ததெல்லாம் ஏறுறப்பவா? இறங்குறப்பய்யா! ஏறுறதுக்கு எஞ்சின் போதும். இறங்குறதுக்கு டிரைவர் வேணும். செஸ்ஸுலயும் கடைசி ஆட்டம்ங்கிறது இறக்கம். காயெல்லாம் கொறைஞ்சு போச்சு, இனிமே என்னன்னு கைய எடுத்தா, அங்கதான் பள்ளம்.

எனக்கு இதெல்லாம் எந்தக் கோச்சு சொல்லிக் குடுத்தான்னு கேட்டியே. சொல்றேன், சிரிக்கக் கூடாது. இந்த டீக்கடையில ஒரு பழைய செஸ் பெட்டி உண்டு. கடைக்காரர் பேத்தி ராணியைப் பொம்மையாக்கித் தொட்டில் கட்டிட்டா. ஒரு குதிரை அடுப்புக்குள்ள போச்சு. நாலு சிப்பாயை எலி இழுத்துச்சோ எவன் இழுத்தானோ. மிச்சம் ரெண்டு ராஜா, ரெண்டு யானை, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய். பத்தாததுக்கு மிளகை வச்சுக்குவோம். முழு ஆட்டம் ஆடக் காய் இருந்தாத்தானே? அதனால வருசக் கணக்கா நாங்க ஆடுனதெல்லாம் கடைசி ஆட்டம்தான். அப்புறம் ஒரு வாத்தியார் சொன்னாரு, கேப்பபிளாங்கான்னு ஒரு உலக சாம்பியன் 1921-ல எழுதுன புத்தகத்துலயும் பாடத்தைக் கடைசி ஆட்டத்துலேருந்துதான் தொடங்குறாருன்னு. பாத்தியா? அவரு அறிவால கண்டதை நாங்க இல்லாமையால கண்டோம்.

சரி, பாடத்துக்கு வா. உன் ராஜாவுக்கு என்ன வியாதி? ஆட்டத்தைத் தொடங்குனதும் கோட்டைக்குள்ள போர்த்திப் படுக்குறான். சரி, வெளியில ராணி, யானை எல்லாம் திரியுது, படுக்கட்டும். அதெல்லாம் வெட்டுப்பட்ட பெறகும் படுத்தே கெடந்தா? பனி விலகுனா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போக வேணாமா? கடைசி ஆட்டத்துல ராஜாதான் கூலியாளு. நடுவுக்கு வரணும், நடக்கணும், சொமக்கணும்.

அதுலயும் முறை இருக்கு. வெள்ளகவிப் பக்கம் குதிரையில பொதி ஏத்திட்டுப் போறதைப் பாத்துருக்கியா? பாதை சரியில்லாத எடத்துல ஆளு முன்னால போவான், பொதி பின்னால வரும். நீ என்ன செய்யுற? சிப்பாயை முன்னால வெரட்டிட்டு ராஜாவைப் பின்னால ஓட விடுற. சிப்பாய் அஞ்சாவது வரிசையில, அதுக்கு நேர் முன்னால ஆறாவது வரிசையில உன் ராஜா. எதிராளி ராஜா வழியை மறிச்சு நின்னாலும், யாரோட முறையா இருந்தாலும், நீ ஜெயிச்ச. ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இது செல்லாது. அதைச் சேத்தே மனசுல போட்டுக்க.

அடுத்தது எதிர்நிலை. காப்பித் தோட்டத்து ஒத்தையடிப் பாதையில ரெண்டு பேரு எதிரெதிரே நிக்கிறான். நடுவுல ஒரு அடி. யாரு மொதல்ல காலைத் தூக்குறானோ அவன் ஒதுங்கணும். செஸ்ஸுலயும் அதேதான். ராஜாவுக்கு நேரா ராஜா, நடுவுல ஒரே கட்டம். நகர வேண்டிய முறை எவனோடதோ, அவன் வழி விட்டே ஆகணும். முறை வர்றது வரம்னு நெனைக்கிறியே, சில நேரம் அதுதான்யா சாபம்.

இதென்ன கிழவன் கதைன்னு நெனைக்கிறியா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டி. 13 ஆட்டம் முடிஞ்சு ஆளுக்கு ஆறரை புள்ளி. 14-வது ஆட்டம்தான் கடைசி. டிங் லிரென் வெள்ளைக் காய், நம்ம சென்னைப் பய குகேஷ் கறுப்பு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்குச் சிப்பாய் ஒண்ணு கூட. டிராதான்னு பாத்தவன்லாம் மூட்டையைக் கட்டிட்டான். 55-வது மூவ்ல டிங் யானையை எஃப்2-ல கொண்டாந்து, வெட்டிக்கிறியான்னு வச்சாரு. அவரோட பிஷப் எங்க நின்னுச்சு? ஏ8 மூலையில. நேத்து என் ராஜா நின்ன அதே மூலை! குகேஷ் யானையை வெட்டுனான், யானைக்கு யானை போச்சு. அடுத்து பிஷப்பை டி5-ல கொண்டாந்து நிறுத்துனான். மூலையில கெடந்த பிஷப்புக்குத் தப்பிக்க வழி ஏது? அதுவும் போச்சு. மிச்சம் ராஜாவும் சிப்பாயும். டிங் ராஜா இ3, குகேஷ் ராஜா இ5, நடுவுல ஒரே கட்டம். முறை டிங்கோடது. 58-வது மூவ்லயே கை குடுத்துட்டாரு. 18 வயசுப் பய உலக சாம்பியன்!

அதுல உனக்குள்ள பாடம் என்ன? காயை மாத்திக்கிறதுக்கு முன்னால, எல்லாம் போன பெறகு மிஞ்சுற ராஜா-சிப்பாய் கணக்கைப் போட்டுப் பாரு. நீயோ கை அரிச்சா மாத்திக்கிற. மாட்டை வித்துப்புட்டு ஏரு எதுல பூட்டுறதுன்னு முழிக்கிறவன் மாதிரி!

சிப்பாய் ஓடுது, ராஜா பிடிப்பானா மாட்டானா? விரலை விட்டு எண்ணிக்கிட்டே இருந்தியே, கடிகாரம் ஓடிப்போச்சு. எண்ணாத. சிப்பாய் நிக்கிற எடத்துலேருந்து கடைசி வரிசை வரைக்கும் எத்தனை கட்டமோ, அதே அளவு பக்கவாட்டுலயும் எடுத்து, ராஜா இருக்குற பக்கமா ஒரு சதுரம் போடு. உன் முறையில ராஜா அந்தச் சதுரத்துக்குள்ள கால் வச்சா பிடிச்சுருவான். இல்லேன்னா கும்பிடு போட்டுட்டு வேற வேலையைப் பாரு. வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இம்புட்டுத்தான்.

அதுலயும் ஒருத்தன் குசும்பு பண்ணிருக்கான். ரெட்டின்னு பேரு. நம்ம ரெட்டியார் இல்லய்யா, வெளிநாட்டு ஆளு. 1921-ல ஒரு புதிர் போட்டான். ராஜா எட்டாத மூலையில நிக்கிறான், எதிரி சிப்பாய் பறக்குது. அவன் சிப்பாயோ எதிரி ராஜா வாய்க்கிட்ட. ரெண்டும் கைவிட்டுப் போச்சுன்னு தோணும். ராஜா நேரா தொரத்தாம குறுக்கால, கோணலா நடக்குறான். ஒவ்வொரு அடியும் எதிரி சிப்பாய்க்கும் பக்கம், தன் சிப்பாய்க்கும் பக்கம். கடைசியில டிரா. செஸ் பலகையில குறுக்கால போனாலும் நேரா போனாலும் ராஜாவுக்கு அதே எண்ணிக்கைதான். மாம்பழத்துக்கு மயிலேறி உலகம் சுத்துனவரு எங்க, அம்மை அப்பனைச் சுத்துனவரு எங்க? அண்ணன் சூட்சுமம் அப்படி. கோவிச்சுக்கிட்டு இந்தத் தாண்டிக்குடியிலேருந்துதான் தம்பி பழநிக்குத் தாண்டிக் குதிச்சாருன்னு எங்க ஊருல சொல்லுவோம். எங்க சாமியைக் கொறை சொல்லலப்பா. வழியைத் தேர்ந்தெடுக்கிறதைச் சொல்றேன்.

யானை ஆட்டம்தான் அடிக்கடி வரும். ஒரு சிப்பாய் ஏழாவது வரிசைக்குப் போச்சு, உன் ராஜா அதுக்கு முன்னால எட்டாவதுல அடைபட்டுக் கெடக்கான், எதிரி ராஜா தள்ளி நிக்கிறான். அப்ப யானையை நாலாவது வரிசைக்குக் கொண்டா. ராஜா வெளிய வருவான், எதிரி யானை செக் மேல செக் கொடுக்கும், கடைசியில உன் யானை குறுக்க வந்து மறிச்சுக்கும். பாலம் கட்டுறதுன்னு சொல்றான். இதுக்கு லூசெனா நிலைன்னு பேரு. லூசெனா 1497-ல ஒரு புத்தகம் போட்டாரு. வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் புத்தகத்துல இது இல்ல! 1634-ல சால்வியோன்னு ஒருத்தர் எழுதுனதுல இருக்கு. ஒழுதவன் ஒருத்தன், பட்டா இன்னொருத்தன் பேருல. நம்ம ஊரு தாலுக்கா ஆபீஸ் மட்டுந்தான் இப்படின்னு நெனைச்சுருந்தேன்.

தப்பிக்கிறவனுக்கு ஃபிலிடோர் சொன்ன வழி, 1777-லேருந்து இருக்கு. உன் பக்கத்துலேருந்து எண்ணுனா மூணாவது வரிசை. அதுல யானையை நிறுத்தி எதிரி ராஜாவை உள்ள விடாத. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்து மிதிச்சதும், யானையை ஒரே ஓட்டமா அந்தக் கடைசிக்கு அனுப்பி, பின்னாலேருந்து செக் குடு. அவன் ராஜாவுக்கு ஒளிய எடம் இருக்காது. மறியலும் நீயே, விரட்டலும் நீயே.

லேசா எண்ணிராத. 2013 நவம்பர்ல சென்னையிலயே, ஆனந்த் மாதிரி ஆளு, கார்ல்சன்கிட்ட அடுத்தடுத்து ரெண்டு நாள் தோத்தாரு. அஞ்சாவது ஆட்டமும் ஆறாவது ஆட்டமும். ரெண்டும் யானைக் கடைசி ஆட்டம்தான். அஞ்சு தடவை உலக சாம்பியன் ஆனவருக்கே கால் வழுக்குது. நீ ஒரு ஆப்பைப் பாத்துட்டு, ‘இது டிரா தாத்தா, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு’ன்னு சோம்பல் முறிக்கிற. கம்ப்யூட்டரா வந்து காயை நகர்த்துது? வரைபடத்துல ரோடு நேராத்தான் இருக்கும். வண்டியில ஏறிப் பாரு, குடல் வாய்க்கு வரும்.

ஓரத்துச் சிப்பாயும் பிஷப்பும் வச்சுக்கிட்டு எகிறுறவனுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சிப்பாய் போயிச் சேருற கட்டம் வெள்ளையா கறுப்பான்னு பாத்துக்க. உன் பிஷப் அந்த நிறத்துல நடக்கலேன்னா, எதிரி ராஜா மூலையில போயி உக்காந்துட்டா, தலைகீழா நின்னாலும் டிராதான். சாவி இருக்கு, வேற பூட்டுக்கு.

எல்லாத்துக்கும் மேல, அவசரப்படாத. குறிஞ்சி 2018-ல பூத்துச்சு, இனி 2030-லதான். வெந்நீ ஊத்துனா நாளைக்குப் பூத்துருமா? அதுக்காக ஒரேயடியா ஊறப்போடவும் கூடாது. சிப்பாய் நகராம, காய் வெட்டுப்படாம ஆளுக்கு 50 மூவ் போயிருச்சுன்னா எதிராளி டிரா கேப்பான். அவசரமும் ஆகாது, அசட்டையும் ஆகாது. சோறு வடிக்கத் தெரிஞ்சவளுக்கு இதைப் பாடம் நடத்தணுமா?

பனி விலகிருச்சு. அந்தப் பலகையை விரி. உன் காயெல்லாம் பைக்குள்ளயே கெடக்கட்டும், எங்க பெட்டியை எடு. இந்தா, ரெண்டு ராஜா. என் ராஜா இ4. உன் ராஜா இ6. எனக்குப் பின்னால இ3-ல இந்த மிளகுதான் என் சிப்பாய். நான் வயசுல மூத்தவன். பெருந்தன்மையா மொதல் மூவை உனக்கே விட்டுத் தாரேன். ஆடு ராசா.

என்னய்யா, கையை மடியில வச்சுக்கிட்ட? என்ன சொன்ன? ‘நீங்களே மொதல்ல ஆடுங்க தாத்தா’வா?

அடப் படுபாவி, தேறிட்டியே! ஏம்ப்பா, ரெண்டு டீ போடு. இன்னிக்கு என் கணக்கு.