வெள்ளைத் திட்டு சொல்லும் சேதி

கேள்வி: எனக்கு 38 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி நர்ஸ் வற்புறுத்துகிறார். நன்றாக இருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரி?
– ஒரு வாசகி, அரக்கோணம்

பதில்: நன்றாக இருக்கும்போது போனால்தான் நன்றாகவே திரும்பி வரலாம்! இந்நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் உடம்பில் தங்கிவிட்டால், அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வலி இருக்காது.

பரிசோதனை சில நிமிட வேலை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து, கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் கண்ட இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். சிறு துளி சதையெடுத்துச் சோதித்தே உறுதி செய்வார்கள்.

இந்தப் பரிசோதனையின் பலனை உலகுக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுவரையிலான 31,343 பெண்கள் சோதித்துக்கொண்டார்கள். பரிசோதனை வசதி கிடைத்த ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது. 'லான்செட்' மருத்துவ இதழ் 2007-இல் இதை வெளியிட்டது.

புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே பிடிபட்டால், மாறுதல் கண்ட இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. முற்றினால் அறுவை, கதிர்வீச்சு, கீமோ என நீளும்.

வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். உங்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். இந்த வாரமே போய்விட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துப் போங்கள்.