கேப்பையா, கேவுரா, ராகியா?

கேள்வி: நான் மதுரைப் பெண், 'கேப்பை' என்கிறேன். வேலூர்ப் பக்கத்து என் மாமியார் 'கேவுரு' என்கிறார். தெருமுனைக் கடைக்காரரோ 'ராகி' என்று கேட்டால்தான் அளந்து போடுகிறார். எதுதான் சரியான பெயர்?
– ஒரு வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: பெயர் எதுவானால் என்னம்மா? கிண்டினால் களி, தின்றால் களிப்பு!

மாமியாரின் கேவுரு, கேழ்வரகின் பேச்சு வடிவம். 'கேழ்' என்றால் நிறம். ராகி, கன்னடத்துக்கும் நமக்கும் பொது. சேலத்துப் பக்கம் இதுவே ஆரியம், யாழ்ப்பாணத்தில் குரக்கன்.

அந்தக் குரக்கன்தான் கடல் கடந்தது. கேழ்வரகின் அறிவியல் பெயர் 'எலூசின் கொரகானா'. அதிலுள்ள கொரகானா, இலங்கையின் குரக்கனே. 1788-ல் இந்தப் பெயரை அமைத்த ஜெர்மானியத் தாவரவியலாளர் யோசப் கேர்ட்னர், ஊர்ச்சொல்லை நீக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆகவே, மாமியார் சொல்லை மருமகளும், மருமகள் சொல்லை மாமியாரும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு பெயரும் ஓர் ஊரின் அடுப்படியிலிருந்து வந்தது. வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால், தானியம் இருக்கும், சொல் போய்விடும்.