ஓட்டுச்சீட்டில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) விருது யாருக்கு என்று முடிவு செய்வது யார்?

பதில்: பத்திரிகைக்காரர்கள். ரசிகர்களுக்கு ஓட்டில்லை, வீரர்களுக்கும் இல்லை. 1931-லிருந்து அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் ராஜ்ஜியம்தான். அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், தலைக்கு ஒரு விருது. இன்றைக்கு லீக்குக்கு 15 அணிகள், அணிக்கு இரண்டு நிருபர்கள், ஆக லீக்குக்கு 30 ஓட்டு. ஒவ்வொருவரும் பத்துப் பேரை வரிசையாக எழுதித் தர வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாவதற்கு 9, அப்புறம் ஒன்றொன்றாக இறங்கிப் பத்தாவதற்கு 1. வருஷம் முழுக்க யாரிடம் பேட்டிக்காகக் காத்துக் கிடந்தாரோ, அவருக்கே மார்க் போடும் பேனாவும் அதே நிருபரின் பையில்தான். வம்புக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு உண்டா?

கேள்வி: ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளின் குணத்தைப் பார்ப்பது தப்பில்லையா?

பதில்: விதி அப்படிச் சொல்லவில்லையே! ஓட்டுச்சீட்டோடு வரும் குறிப்பில் அணிக்கு வீரரால் கிடைத்த பலன், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அடுத்ததாகவே நடத்தை, சுபாவம், விசுவாசம், உழைப்பு என்று ஒரு வரி இருக்கிறது. இனத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் ஒருவரின் சுபாவத்தை எழுதுகிறவர் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்? இனம் உள்ளே வருவதென்றால் அந்த வரியின் வழியாகத்தான் வரும்.

கேள்வி: நிருபர்களைப் பகைத்துக்கொண்டு விருதைக் கோட்டை விட்டவர் உண்டா?

பதில்: டெட் வில்லியம்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ்காரர். பந்தை அடிப்பதில் சூரர். பாஸ்டன் நிருபர்களைக் கண்டால் எரிந்து விழுவதிலும் சூரர். 1942-ல் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) மூன்றிலும் லீக்கில் முதலிடம். விருது யாங்கீஸ் அணியின் ஜோ கார்டனுக்குப் போனது. 1947-ல் மறுபடி மூன்றிலும் முதலிடம்: சராசரி .343, ஹோம் ரன் 32. யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்கு .315, 20. விருது டிமாஜியோவுக்கு, 202-க்கு 201 என்று ஒரே புள்ளியில்! ஒரு நிருபர் தன் பத்துப் பேரில் வில்லியம்ஸின் பெயரையே எழுதவில்லை. போனால் போகிறதென்று ஒன்பதாவதாக எழுதியிருந்தாலும் இரண்டு புள்ளி கிடைத்து வில்லியம்ஸ் ஜெயித்திருப்பார்.

பழி முழுவதையும் அந்த ஒருவர் தலையில் கட்டுவது வழக்கம். ஆனால் ஓட்டுப் போட்ட 24 பேரில் வில்லியம்ஸை முதலிடத்தில் வைத்தவர்கள் மூன்றே பேர். அந்த வருஷம் யாங்கீஸ் லீக்கை ஜெயித்தது, ரெட் சாக்ஸ் மூன்றாவது. பிடிக்காதவரை ஒதுக்க நினைப்பவருக்கு இப்படி ஒரு கௌரவமான காரணம் எப்போதும் கிடைத்துவிடும்.

கேள்வி: வில்லியம்ஸ் வெள்ளைக்காரர்தானே? இதில் இனம் எங்கே வந்தது?

பதில்: அவருடைய அம்மா மெக்சிகோ வம்சாவளி. அவர் ஆடிய காலத்தில் அது பரவலாகத் தெரியாது. அம்மாவின் குடும்பப் பெயரோடு இருந்திருந்தால் அன்றைய தெற்குக் கலிஃபோர்னியாவில் சிக்கல்பட்டிருப்பேன் என்று பின்னாளில் சுயசரிதையில் அவரே எழுதினார். 'வில்லியம்ஸ்' என்ற பெயர் புண்ணியத்தில் வெறும் கோபக்காரர் என்ற பட்டத்தோடு தப்பித்தார்.

கேள்வி: அப்படித் தப்பிக்க முடியாதவர்?

பதில்: ராபர்ட்டோ கிளமென்டே. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பர். 'ராபர்ட்டோ' வாயில் நுழையவில்லை என்று பத்திரிகைகள் அவரை 'பாப்' ஆக்கின. அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் அச்சில் ஏற்றிச் சிரித்தன. உடம்பு வலி என்றால் சாக்குப்போக்கு என்றன.

1960-ல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் உலகத் தொடரை வென்றது. அணியிலேயே அதிக ஆர்.பி.ஐ. கிளமென்டேயுடையது: 94. எம்.வி.பி. அதே அணியின் டிக் குரோட்டுக்கு. அவர் .325 அடித்து லீக்கின் பேட்டிங் சாம்பியன், ஆனால் ஹோம் ரன் 2, ஆர்.பி.ஐ. 50. இரண்டாமிடமும் அதே அணியின் டான் ஹோக்குக்கு. கிளமென்டே எட்டாவது! அந்த எட்டு அவரை வருஷக்கணக்கில் உறுத்தியது.

உடனே இனவெறி என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. அதே பட்டியலில் மூன்றாவது வில்லி மேஸ், நான்காவது எர்னி பேங்க்ஸ், இருவருமே கறுப்பர்கள். நான் கவனிப்பது பட்டப் பெயர்களை. டிமாஜியோவும் யாரிடமும் ஒட்டாதவர்தான். அதைக் கண்ணியம் என்று எழுதினார்கள். கிளமென்டே மனதில் பட்டதைச் சொன்னால் முணுமுணுப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கடைசியில் 1966-ல் பொன்குடத்துக்கும் விருது வந்தது.

கேள்வி: குணம் மட்டுமே காரணம், இனம் இல்லை என்று அடித்துச் சொல்ல ஒரு உதாரணம்?

பதில்: 1995. க்ளீவ்லண்டின் ஆல்பர்ட் பெல், பாஸ்டனின் மோ வான். இருவரும் கறுப்பர்கள். இருவருக்கும் சொல்லிவைத்தாற்போல் 126 ஆர்.பி.ஐ. பெல் 50 ஹோம் ரன், 52 டபுள். ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்ட முதல் ஆள். வான் 39 ஹோம் ரன். பெல்லின் அணி 144 ஆட்டத்தில் 100-ஐ வென்றது. ஆனால் விருது வானுக்கு, 308-க்கு 300. வான் நிருபர்களுக்குச் செல்லப் பிள்ளை. பெல்லின் பக்கத்தில் போகவே பயப்படுவார்கள்.

உலகத் தொடரின்போது டிவி நிருபர் ஒருவரை பெல் திட்டியதும் அந்த வருஷம்தான்; அதற்கு அபராதம் 50,000 டாலர். ஆனால் விருது போனது அதனால் அல்ல. ஓட்டுச்சீட்டுகளை அதற்கு முன்பே வாங்கிவிடுவார்கள். பழைய பாக்கியே போதுமானதாக இருந்தது.

கேள்வி: குணம்தான் தடை என்றால் நிருபர்களோடு ஒத்துப்போகாத பேரி பாண்ட்ஸ் எப்படி ஏழு எம்.வி.பி. வாங்கினார்?

பதில்: நிருபர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போதுதான் விருப்பு வெறுப்புக்கு வேலை. 1991-ல் போட்டி நெருக்கம். டெர்ரி பென்டில்டனிடம் 15 புள்ளியில் தோற்றார். 2001-ல் 73 ஹோம் ரன் அடித்தார். யார் என்ன செய்ய முடியும்? ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்ட பின் அதே சங்கம் 'ஹால் ஆஃப் ஃபேம்' ஓட்டில் கணக்குத் தீர்த்தது. 75 சதவீதம் தேவை. 2022-ல் கடைசி வாய்ப்பிலும் 66-தான் கிடைத்தது.

கேள்வி: 1949 முதல் 1959 வரை நேஷனல் லீக்கின் 11 விருதுகளில் 9 கறுப்பர்களுக்கு. அப்புறம் என்ன பாகுபாடு?

பதில்: சரியான கணக்கு. ஜாக்கி ராபின்சன் தொடங்கி வைத்தார், கேம்பனெல்லா மட்டும் மூன்று. ஆனால் பக்கத்து அமெரிக்கன் லீக்கைப் பாருங்கள்: அதே 11 வருஷத்தில் பூஜ்யம். அங்கே முதல் கறுப்பர் 1963-ல் எல்ஸ்டன் ஹோவர்ட். 1954-ல் லாரி டோபி ஹோம் ரன்னிலும் ஆர்.பி.ஐ.யிலும் லீக்கில் முதல். அவருடைய க்ளீவ்லண்ட் 111 வெற்றியோடு முதலிடம். விருது இரண்டாமிடம் வந்த யாங்கீஸின் யோகி பெர்ராவுக்கு. டோபியின் சக வீரர்களும் ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, அமெரிக்கன் லீக் முதலாளிகள் கறுப்பர்களை எடுக்கவே தயங்கினார்கள். ரெட் சாக்ஸ் ஒருவரைச் சேர்த்தது 1959-ல். ஆடவே விடாதவருக்கு யார் ஓட்டுப் போடுவது?

கேள்வி: விருதில் இருந்த நீதிபதி லாண்டிஸின் பெயரை எடுத்தது ஏன்?

பதில்: 1920 முதல் 1944 வரை அவர் பேஸ்பால் கமிஷனர். அவர் காலத்தில் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. ஜோஷ் கிப்சன் என்ற கறுப்பின மகா பேட்ஸ்மேன் அங்கே ஆடாமலே 1947 ஜனவரியில் இறந்தார்; அந்தத் தடையை உடைத்து ராபின்சன் களமிறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. லாண்டிஸ் பெயர் பொறித்த விருதைப் பெற்றவர்களில் பேரி லார்கின், பென்டில்டன் என்ற கறுப்பர்களும் இருந்தார்கள். அவர்களும் குரல் கொடுத்த பிறகு 2020-ல் பெயர் போயிற்று.

கேள்வி: ஜப்பானின் ஷோஹே ஓதானி மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசுகிறார். அவருக்கு எப்படி?

பதில்: 2021, 2023, 2024, 2025 நான்கிலும் முதலிடத்து ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. பந்தும் போடுகிறார் (2024-ல் மட்டும் போடவில்லை), ஹோம் ரன்னும் அடிக்கிறார், மறுக்க இடமில்லை. நெருக்கமான போட்டி என்றால் கதை வேறு. 2003-ல் ஹிடேகி மட்சுயி சிறந்த புதுமுக விருதை 88-க்கு 84 என்று இழந்தார். ஜப்பானில் ஆடி முடித்து வந்தவர் புதுமுகமா என்று இரண்டு பேர் அவர் பெயரையே எழுதவில்லை. இரண்டு வருஷம் முன்பு அதே ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ அந்த விருதை வாங்கியிருந்தார்!

கேள்வி: எம்.வி.பி. ஆக நினைக்கும் இளம் வீரருக்கு உங்கள் யோசனை?

பதில்: போட்டிக்கே இடமில்லாதபடி அடியுங்கள். முடியாவிட்டால் நிருபர்களோடு சிரித்துப் பேசுங்கள். இரண்டும் முடியாவிட்டால் சுயசரிதை எழுதுங்கள், நன்றாக விற்கும்.