ஏழாவது ஜாதகம்

கே: என் பட்டறையில் ஆறு பேர். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஜாதகம் பார்த்துச் சொல்வீர்களா?
- வாசகர், கரூர்

ப: ஆறு போதாது, முதலாளியின் ஜாதகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவருக்கு எது வரும், எது வராது என்பதும் தெரிய வேண்டுமே. ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா 1948-இல் ஹோண்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். என்ஜின் என்றால் உயிர். கணக்கும் விற்பனையும் அவருக்குக் கைவரவில்லை. மறு ஆண்டு வந்து சேர்ந்த டகேயோ ஃபுஜிசாவாவிடம் கம்பெனி முத்திரையையே கொடுத்துவிட்டார்! அந்தக் கால ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான். எவ்வளவு பெரிய நம்பிக்கை! 1973-இல் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

இனி உங்கள் ஆறு பேர். பாக்கி கேட்கப் போனால் பணத்தோடு திரும்புகிறவர் யார்? மெஷின் சத்தம் மாறினாலே தலை நிமிர்கிறவர் யார்? அவர்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்களா என்று நாளைக் காலையே பாருங்கள்.